இருபத்தாறாவது ஆள்

ராஜராஜன் பந்தைப் பிடித்த விதத்தைப் பார்த்ததுமே வெற்றிச்செல்வி அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். கார்க் கதவைக்கூடச் சாத்தாமல் பள்ளி மைதானத்துக்குள் நடந்து வந்தவர், ஒரு பெண்ணின் கையிலிருந்த ரக்பி பந்தை வாங்கி, கல்யாண வீட்டில் தாம்பூலப் பை வாங்கியவரைப் போல வயிற்றோடு அணைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். அரியலூர் மாவட்ட ரக்பி லீக் சங்கத்தின் செயலாளர் அவர். சிமெண்ட் ஏஜென்சி வைத்திருந்தார். சங்கம் தொடங்கி இரண்டு வருடம் ஆகியும் அவர் பந்தைத் தொட்டது அன்றைக்குத்தான்.

“இத எந்தப் பக்கம் உதைக்கணும் டீச்சர்?”

“உதைக்கிறது கொஞ்சந்தாங்க சார். கையில எடுத்துக்கிட்டு ஓடணும்.”

“அப்ப நம்ம ஃபுட்பால் மாதிரி இல்ல?”

“இல்லைங்க.”

“நல்லது, நல்லது” என்றார். எது நல்லது என்று அவருக்கும் தெரியவில்லை.

பெரம்பலூர் மாவட்டச் செயலாளர் தமிழரசன் இவரைவிட ஒரு படி மேல். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை நடத்தினார். ஓர் அணிக்குப் பதின்மூன்று பேர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வேறெதுவும் தெரியாததால் அந்த ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, எந்த மேடையில் ஏறினாலும் “பதிமூணு பேருங்க, பதிமூணு” என்று விரலை மடக்கிக் காட்டுவார். கேட்பவர்கள் அவரை நிபுணர் என்று நினைத்தார்கள்.

இரண்டு செயலாளர்களிடமும் சேர்த்து ஒரு ஆட்டக்காரிகூடக் கிடையாது. இரண்டு மாவட்டத்துக்குமாக இருந்தவர்கள் கல்லங்காட்டுப் பள்ளியில் வெற்றிச்செல்வி தேற்றி வைத்திருந்த இருபத்தைந்து பெண்கள்தான்.

கல்லங்காடு, குன்னத்துக்கும் செந்துறைக்கும் நடுவே, மாவட்ட எல்லை மேலேயே உட்கார்ந்திருக்கும் ஊர். பள்ளிக்கூடமும் காலனியும் பெரம்பலூரில் சேர்த்தி. ஓடையைத் தாண்டினால் கிழக்குத் தெரு அரியலூரில் சேர்த்தி. சுண்ணாம்புக்கல் லாரிகள் மட்டும் இரண்டு மாவட்டத்துக்கும் பாகுபாடு பார்க்காமல் புழுதியைக் கொடுத்துவிட்டுப் போகும். அங்கே தற்காலிக உடற்கல்வி ஆசிரியையாக வந்து சேர்ந்தபோது வெற்றிச்செல்விக்கு முப்பத்திரண்டு வயது. கல்லூரியில் கபடி ரெய்டர். மாநிலச் சங்கம் ‘பின்தங்கிய பகுதி இளையோர் வளர்ச்சித் திட்டம்’ என்று திருச்சியில் மூன்று நாள் பயிற்சி வகுப்பு நடத்தியது. இரண்டு மாவட்டத்திலிருந்தும் வேறு யாரும் போகச் சம்மதிக்காததால் இவளை அனுப்பினார்கள். இரண்டு பந்தும் ஒரு கையேடுமாகத் திரும்பி வந்தாள்.

கையேட்டின் முதல் பாடம் விழுவது எப்படி என்பது. அதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். முதல் ஒரு மாதம் யார் கைக்கும் பந்து போகவில்லை. மக்காச்சோளச் சக்கையைச் சாக்கில் அடைத்து வைத்துக்கொண்டு, அதில் மோதவும், மோதி விழவும் சொல்லிக்கொடுத்தாள்.

“கைய ஊனாதடி! தாடைய நெஞ்சோட ஒட்டு. தோளால உருளு. வுழுவத் தெரியாம இந்த ஆட்டத்துக்கு வந்தா எலும்புதான் போவும்.”

கபடி ஆடிய பெண்களுக்குப் பிடிப்பதும் மடக்குவதும் புதிதில்லை. முன்னால் ஓடிக்கொண்டே பந்தைப் பின்னால் இருப்பவளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது. ஆறு முறை மடக்கப்பட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும் என்பதைப் பேருந்து நிறுத்தங்களின் பெயர் வைத்து எண்ணக் கற்றுக்கொண்டார்கள். அறுவடைக் காலத்தில் மைதானம் முழுக்கச் சோளம் காயப் போட்டுவிடுவார்கள். வெற்றிச்செல்வி போய்ச் சண்டை போட்டு ஓரத்துக்குத் தள்ள வைப்பாள். இப்படி ஒன்றரை வருடம். இரண்டு செயலாளர்களும் அந்த ஒன்றரை வருடத்தில் ஒரு வாட்ஸப் வாழ்த்துக்கு மேல் எதுவும் செய்யவில்லை.

பிறகுதான் மாநிலச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. இந்த மாத முடிவுக்குள் ஜூனியர் பெண்களுக்கு ஒரு போட்டியாவது நடத்தாத மாவட்டச் சங்கத்துக்கு வரும் தேர்தலில் ஓட்டு கிடையாது. அடுத்த நாளே இரண்டு பேரும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவரச் சொல்லி, மைதானத்தின் நடுவிலேயே உட்கார்ந்தார்கள். பெண்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

“புள்ளைங்கள ரெண்டாப் பிரிச்சிடலாம் மேடம்” என்றார் தமிழரசன். “ஓடைக்கு இந்தாண்ட இருக்குறது எனக்கு. அந்தாண்ட இருக்குறது அண்ணனுக்கு.”

“மூட்டை பிரிக்கிற மாதிரிங்களா?” என்றாள் வெற்றிச்செல்வி. இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை.

“அப்படிப் பிரிச்சா காலனிப் புள்ளைங்க பூரா ஒம்பக்கம் போயிடுதே தம்பி” என்றார் ராஜராஜன். “அதுங்கதான நல்லா ஓடும்.”

“அதுங்க இல்லைங்க சார். அவங்க.”

“ஆமா ஆமா, அவங்கதான். சரி, ரெஃப்ரி யாரு?”

“மேடமே ஊதிடுவாங்க. வேற யாருக்குத் தெரியும்?”

“ரெண்டு டீமுக்கும் கோச்சும் நானு, ரெஃப்ரியும் நானுங்களா?”

“அதுல ஒரு வசதி இருக்கு பாருங்க” என்று தமிழரசன் குரலைத் தாழ்த்தினார். “பன்னண்டுக்குப் பன்னண்டுன்னு முடிச்சு வுட்டுடலாம். யாருக்கும் மனக்கஷ்டம் வேணாம்.”

வெற்றிச்செல்வி அவர் முகத்தையே பார்த்தாள். எச்சில் துப்பினால் மைதானம் வீணாகிவிடுமே என்றுதான் துப்பவில்லை.

“இருபத்தஞ்சு பேருதாங்க இருக்காங்க” என்றாள். “ஒரு ஆள் குறையுது.”

“பதிமூணும் பதிமூணும் இருபத்தாறு” என்று தமிழரசன் ஆமோதித்தார்.

“அதுக்கென்ன, எங்க அக்கா பொண்ணு இருக்கா” என்றார் ராஜராஜன். “ ஆர்த்தி. அரியலூர்ல இங்கிலீஷ் மீடியத்துல ஒம்பதாவது படிக்கிது. எந்தப் பக்கம் நிக்கணும்னு சொல்லிட்டா நின்னுக்கும். சர்டிபிகேட்டுக்கும் ஆச்சு.”

பழகாத பிள்ளையை இறக்க முடியாது என்று அந்த இடத்திலேயே அவள் சொல்லியிருக்கலாம். கையேட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் அந்த இரண்டு பேரையும் பார்க்கப் பார்க்க அவளுக்கு இந்தப் போட்டியே ஒரு கூத்தாகத் தெரிந்தது. கூத்தில் யார் நின்றால் என்ன?

“அனுப்புங்க சார்” என்றாள்.

ஆர்த்தி மறுநாள் சாயங்காலம் காரில் வந்தாள். ஒல்லியான, கண்ணாடி போட்ட பெண். பளீரென்ற பச்சை நிறத்தில் புது ஷூ. “குட் ஈவினிங் மிஸ்” என்றாள். பாதிப் பேர் வெறுங்காலில் நின்ற கூட்டம் அந்த ஷூவைப் பார்த்தது. கார்க்காரி என்று அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள். வெற்றிச்செல்விக்கு அது காதில் விழுந்தது. அதட்டவில்லை.

பத்து நாள் வந்தாள். பத்து நாளும் வெற்றிச்செல்வி அவளை ஓரத்தில் நிற்க வைத்தாள். வெளியே போகும் பந்தைப் பொறுக்கித் தரச் சொன்னாள். தண்ணீர்க் கேனைத் தூக்கி வரச் சொன்னாள். ஆர்த்தி முகம் சுளிக்காமல் செய்தாள். மற்றவர்கள் சாக்கு மூட்டையில் மோதி விழும்போது, கோட்டுக்கு வெளியே நின்று தன் தோளை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டாள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தாள்.

“மிஸ், நானும் ஒரு தடவ அந்த மூட்டையில மோதிப் பாக்கட்டுமா?”

“ஒனக்கு சர்டிபிகேட்டுதான வேணும்? அது மோதாமலே வரும். போயி நில்லு.”

பிரவீணா அதைக் கேட்டுச் சிரித்தாள். பிரவீணா காலனிப் பெண், பதினாலு வயது. லாரிக்கு லோடு ஏற்றும் குடும்பம். ஓடி வருகிறவளின் இடுப்பில் தோளைக் கொடுத்துச் சாய்ப்பதில் அவளுக்கு இணை கிடையாது. மாநில முகாமுக்கு ஒரே ஒரு ஆளை அனுப்ப முடியும் என்றால் வெற்றிச்செல்வி அவளைத்தான் அனுப்புவாள். அவள் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். ஆர்த்தி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஓரத்துக்குப் போய் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. மைதானத்தின் வாசலில் தமிழரசன் கடையில் அடித்த ஃப்ளெக்ஸ் நின்றது. அதில் இரண்டு செயலாளர்களின் முகங்களும் ஆளுயரத்துக்கு இருந்தன. அவர்களுக்கு நடுவே, இணையத்தில் எடுத்துப் போட்ட ஆட்டக்காரர்கள் தலையில் ஹெல்மெட்டும் தோளில் தலையணை மாதிரிக் கவசமுமாக நின்றார்கள். அது வேறு நாட்டில் ஆடுகிற வேறு ஆட்டம். அதைச் சொல்ல வெற்றிச்செல்வி வாயைத் திறந்தாள். பிறகு யாரிடம் சொல்வது என்று மூடிக்கொண்டாள். சிறப்பு விருந்தினர் ஒன்றேகால் மணி நேரம் தாமதமாக வந்தார். அதுவரை இருபத்தாறு பெண்களும் வெயிலில் வரிசையாக நின்றார்கள். செயலாளர்கள் பந்தலுக்குள் நின்றார்கள். ஜெர்சிகளை மேடையில் வைத்துக் கொடுத்தார்கள். படம் சரியாக விழவில்லை என்று ஐந்து பேரிடம் திரும்ப வாங்கி மறுபடியும் கொடுத்தார்கள்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் வெற்றிச்செல்வி இரண்டு அணியையும் ஒன்றாகக் கூப்பிட்டாள்.

“பன்னண்டுக்குப் பன்னண்டுன்னு பேசி வச்சிருக்காங்க. அத மறந்துடுங்க. ஒன்றர வருசமா எப்படி ஆடுனீங்களோ அப்படி ஆடுங்க. யாரும் யாருக்கும் வுட்டுக் குடுக்கக் கூடாது.”

சொல்லும்போது அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கூட்டத்தின் கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்ற ஆர்த்தியை அவள் கவனிக்கவில்லை. கவனித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். “நீ அந்தக் கோட்டு ஓரமா நில்லு, பந்து வந்தா தூக்கிப் போட்டுடு” என்று மட்டும் சொன்னாள்.

நல்ல ஆட்டம். அந்த மண்ணில் அப்படி ஓர் ஆட்டம் அதற்கு முன்னால் நடந்ததில்லை. பந்தலிலிருந்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருக்க, சோளக் களத்திலிருந்து வந்த பெண்கள் வேலிப் பக்கம் நின்று தங்கள் பிள்ளைகளைக் கத்திக் கூப்பிட்டார்கள். பெரம்பலூர் பத்து, அரியலூர் நாலு என்று ஆனபோது தமிழரசன் பந்தலிலிருந்து கையைக் காட்டிக் காட்டிச் சைகை செய்தார். வெற்றிச்செல்வி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டாம் பாதியில் அரியலூர் பக்கம் ஆடிய இலக்கியா, நாலு பேர் மடக்க வந்ததும், கோட்டோரம் பார்த்தாள். அங்கே ஆர்த்தி தனியாக நின்றாள்.

“பாப்பாவுக்குக் குடு! பாப்பாவுக்குக் குடு!” என்று ராஜராஜன் எழுந்து கத்தினார்.

இலக்கியா கொடுத்தாள். ஆர்த்தி பிடித்தாள். தூக்கிப் போடவில்லை. ஓடினாள். அவளுக்கு ஓடத் தெரியும் என்பதே வெற்றிச்செல்விக்கு அப்போதுதான் தெரிந்தது. பச்சை ஷூ புழுதியைக் கிளப்ப, இருபது மீட்டர், இருபத்தைந்து மீட்டர், ஒருத்தி கையும் அவள்மேல் படவில்லை. குறுக்கே பிரவீணா வந்தாள். தலை தாழ்ந்து, தோள் இடுப்பில் பட்டு, இரண்டு கையும் தொடையைச் சுற்றிக்கொண்டன. கையேட்டில் படமாகப் போடலாம், அவ்வளவு சுத்தம்.

ஆர்த்தி பந்தை விட்டுவிட்டாள். கையை நீட்டி ஊன்றினாள்.

அந்தச் சத்தம் பந்தல் வரைக்கும் கேட்டது.

வெற்றிச்செல்வி விசிலை ஊதிக்கொண்டே ஓடினாள். ஆர்த்தியின் இடது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே ஜெர்சி கூடாரம் போலத் தூக்கிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. உதடு வெளுத்துப் போய் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். “அசையாதம்மா, அசையாத” என்று வெற்றிச்செல்வி தன் துப்பட்டாவைக் கிழித்துக் கையைக் கட்டினாள். பிரவீணா இரண்டு எட்டு பின்னால் போய், காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ராஜராஜன் செருப்புக் காலோடு மைதானத்துக்குள் ஓடி வந்தார். “எவடி அவ? வேணும்னே அடிச்சியா?” என்று பிரவீணாவை நோக்கிக் கையை ஓங்கினார். வெற்றிச்செல்வி எழுந்து நடுவே நின்றாள். அவர் கையை இறக்கினார்.

தமிழரசனும் வந்தார். குனிந்து ஆர்த்தியைப் பார்த்தார். உச்சுக் கொட்டினார். பிறகு வெற்றிச்செல்வியின் காதருகே கேட்டார்: “அப்ப ஸ்கோரு பன்னண்டு பன்னண்டுன்னே மைக்ல சொல்லிடட்டுங்களா?”

சொல்லியும் விட்டார். ஆர்த்தியைத் தூக்கிக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பந்தலில் கை தட்டினார்கள்.

காறை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. தகடு வைத்துத் திருகினார்கள். மறுநாள் சாயங்காலம் வெற்றிச்செல்வி அரியலூருக்குப் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆர்த்தியின் அம்மா சிந்தாமணி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

“அந்தக் காலனிப் புள்ளய சும்மா வுடப் போறதில்லன்னு என் தம்பி சொல்லுறான். எழுதி வாங்கச் சொல்லியிருக்கான் உங்ககிட்ட.”

“அவ முறையாத்தாங்க புடிச்சா.”

“முறையாப் புடிச்சா எலும்பு முறியுமா?”

“அம்மா” என்றாள் ஆர்த்தி கட்டிலிலிருந்து. “அவ மேல தப்பு இல்லம்மா. எனக்கு வுழத் தெரியல. அவங்க எல்லாருக்கும் தெரியும்.” பிறகு வெற்றிச்செல்வியின் பக்கம் மெல்லத் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவள் போலக் கேட்டாள். “எனக்கு மட்டும் ஏன் மிஸ் சொல்லித் தரல?”

வெற்றிச்செல்விக்கு அந்த இரண்டு மனிதர்களைப் பற்றி ஆயிரம் வசை தெரியும். அத்தனையும் நியாயமானவை. அவற்றில் ஒன்றுகூட இந்தக் கேள்விக்குப் பதிலாகவில்லை. பத்து சாயங்காலம் இந்தப் பெண் தண்ணீர்க் கேனோடு நின்றிருக்கிறாள். பத்து நிமிடம் போதும், விழச் சொல்லிக்கொடுக்க. மாமன் மேல் இருந்த இளக்காரத்தை மருமகள் தலையில் இறக்கி வைத்துவிட்டு, நியாயஸ்தி போல விசில் ஊதியிருக்கிறாள்.

“தப்பு எந்தப்புதாம்மா” என்றாள். சிந்தாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து ராஜராஜன் பள்ளிக்கு வந்தார். மாநிலச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டிய விபத்து அறிக்கையைத் தானே டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். பெரம்பலூர் அணியின் பிரவீணா விதிக்குப் புறம்பாகத் தாக்கியதால் காயம், அவரை நிரந்தரமாக நீக்கப் பரிந்துரை.

“கையெழுத்த மட்டும் போடுங்க டீச்சர். ஒங்களுக்கு ஒண்ணும் வராது.”

“விதின்னா என்னான்னு ஒண்ணு சொல்லுங்க சார். ஒரே ஒண்ணு.”

“என்ன?”

“விதிக்குப் புறம்பான்னு எழுதியிருக்கீங்களே. எந்த விதி? பந்த எந்தப் பக்கம் குடுக்கணும், அதாச்சும் தெரியுமா ஒங்களுக்கு?”

அவர் முகம் கறுத்துவிட்டது. “தற்காலிகத்துல இருக்குறவங்க பாத்துப் பேசணும்” என்றார்.

அவள் அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் எழுதினாள். பிரவீணா பிடித்த பிடி முறையானது. காயம்பட்ட பெண்ணுக்கு விழுவதற்குப் பயிற்சி தரப்படவில்லை. பயிற்சி தராமல் களத்தில் இறக்கியது பயிற்சியாளரும் நடுவருமான வெற்றிச்செல்வி. ஊர், தேதி, கையெழுத்து. போனில் படம் எடுத்து, மாநிலச் சங்கத்துக்கு அவர் கண் முன்னாலேயே அனுப்பினாள்.

“பைத்தியமா ஒங்களுக்கு?” என்றார் ராஜராஜன். அவர் உண்மையாகவே அதிர்ந்துபோயிருந்தார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. வெற்றிச்செல்விக்கு ஒரு வருடம் பயிற்சியளிக்கத் தடை. மாவட்டச் சங்கங்கள் இரண்டுக்கும், போட்டியைச் சிறப்பாக நடத்தியதற்குப் பாராட்டு. தேர்தலில் இரண்டு பேரும் ஓட்டுப் போட்டார்கள். ராஜராஜன் மாநில இணைச் செயலாளர் ஆனார். பிரவீணாவின் பெயரில் எந்தக் கரும்புள்ளியும் விழவில்லை. மாநில முகாமுக்கான பட்டியலில் அவள் பெயர் நின்றது. வெற்றிச்செல்வி கடிதத்தில் அந்த ஒரு வரியை மட்டும் இரண்டு முறை படித்தாள்.

சாயங்காலப் பயிற்சிக்குச் சங்கம் விக்கி என்ற ஜிம் மாஸ்டரை அனுப்பியது. இறுக்கமான பனியனும் காதில் பாட்டுமாக வந்தான். முதல் நாளே பெண்களை வரிசையாக நிறுத்தி, பந்தை முன்னால் வீசிக் கொடுக்கச் சொல்லிக்கொடுத்தான். இருபத்தைந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “சார், பின்னாலதான் குடுக்கணும்” என்றாள் இலக்கியா. “அது பழைய ஸ்டைலு” என்றான் அவன். வராந்தாவில் நின்று பார்த்த வெற்றிச்செல்வி கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆர்த்தி அதற்குப் பிறகு கல்லங்காட்டுப் பக்கம் வரவே இல்லை.

ஆனால் பிரவீணாவின் தோள் கெட்டுப்போயிருந்தது. வலி ஒன்றும் இல்லை. ஓடி வருகிறவளின் கிட்டே போனதும் கையை இழுத்துக்கொண்டாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் கேட்கிறது என்று இலக்கியாவிடம் சொல்லியிருக்கிறாள். முகாமுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

சாயங்காலம்தான் வெற்றிச்செல்விக்குத் தடை. காலை பத்தரை மணி டிரில் வகுப்பு பள்ளிக்கூடத்துடையது. ஒன்பதாம் வகுப்பை மைதானத்துக்குக் கூட்டிப் போய், மற்றவர்களைக் கயிறு தாண்டச் சொல்லிவிட்டு, வெற்றிச்செல்வி பந்தைக் கையில் எடுத்தாள். துப்பட்டாவை இடுப்பில் முடிந்தாள்.

“நான் ஓடி வரேன். புடிடி.”

“வேணாம் மிஸ்.”

“எனக்கு வுழத் தெரியும். வா.”

முதல் தடவை பிரவீணா ஒதுங்கிக்கொண்டாள். இரண்டாம் தடவை வந்தாள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள், கை வழுக்கி மண்ணில் விழுந்தாள். கயிறு தாண்டுகிற பெண்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வெற்றிச்செல்வி திரும்பி நடந்து, பழைய இடத்திலிருந்து மறுபடியும் ஓடி வந்தாள். முழு வேகத்தில். மூன்றாம் தடவை தோள் வந்து இடுப்பில் இடித்தது. வானமும் பள்ளிக்கூட ஓடும் சாய்ந்தன. தாடையை ஒட்டிக்கொண்டு, பந்தை விடாமல், தோளால் உருண்டு எழுந்தாள். முழங்காலில் ரத்தம் கசிந்தது.

பிரவீணா கீழே கிடந்தபடியே, பயத்தோடு அவள் தோளையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“தல இன்னும் கொஞ்சம் தாழணும்” என்றாள் வெற்றிச்செல்வி, மண்ணைத் தட்டிக்கொண்டு. “எந்திரி. இன்னொரு தடவ.”